எனக்குப் பயம் வருகிறது, ஐ ஆம் அஃப்ரெய்ட்

அன்று மாலை என் ஆங்கில வகுப்பில் நான்தான் நோயாளி. மறுநாள் காலை எனக்கு அறுவை சிகிச்சை, பயத்தில் தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன் என்பது கதை. எதிரே செவிலியராக உட்கார்ந்திருந்தவர் நிஜத்திலும் செவிலியர்தான். 12 ஆண்டு ஐசியூவில் வேலை பார்த்தவர். இங்கிலாந்து வேலைக்காக, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்குப் படிக்கிறார். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல் பிளே உண்டு. ஒருவர் நோயாளியாக நடிப்பார். தேர்வு எழுதுபவர் அவரிடம் செவிலியராகவே பேச வேண்டும். தயாராவதற்கு 3 நிமிடம், பேசுவதற்கு ஏறக்குறைய 5 நிமிடம். மருந்துப் பெயரும் உடலுறுப்புப் பெயரும் எங்கள் ஊர் செவிலியர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பயந்திருக்கும் மனிதரிடம் நாலு வார்த்தை பேசும் இடத்தில்தான் திணறுகிறார்கள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, அத்தனை அன்பாகச் சொன்னார்: ‘டோன்ட் டேக் டென்ஷன், மேடம். டோன்ட் ஃபீல். ஃபியர் இஸ் கமிங் ஃபார் எவ்ரிபடி.’

தமிழாக்கிப் பாருங்கள். ‘டென்ஷன் ஆகாதீங்கம்மா, ஃபீல் பண்ணாதீங்க, பயம் எல்லாருக்கும் வர்றதுதான்.’ ஒரு குறையும் இல்லை. நம் ஊர் வார்டில் இதைக் கேட்டால் மனசு லேசாகிவிடும். ஆனால் மான்செஸ்டரில் படுத்திருக்கும் ஒரு பாட்டிக்கு முதல் வாக்கியம் பாதிதான் புரியும். இரண்டாவது ‘எதையும் உணராதே’ என்று கட்டளை போட்டதுபோல் இருக்கும். மூன்றாவதைக் கேட்டால் யாரோ வருகிறார்கள் என்று வாசலைப் பார்ப்பார்.

துணிவு, பயம், கோபம், ஏமாற்றம், சவால் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை நாம் பெரும்பாலும் பட்டியலாகத்தான் படித்திருக்கிறோம். இந்தப் பக்கம் ஆங்கிலம், அந்தப் பக்கம் தமிழ். அப்படிப் படித்தால் சொல் கைக்கு வரும், வாக்கியம் வராது. காரணம், உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இரண்டு மொழிகளும் மனிதனை வேறு வேறு இடத்தில் உட்கார வைக்கின்றன. அது பிடிபட்டால் பாதித் தவறு தானாக உதிர்ந்துவிடும்.

தமிழில் உணர்ச்சி வெளியிலிருந்து வருகிற விருந்தாளி. எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அவனுக்குப் பயமாக இருக்கிறது. ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நாம் ஓரமாக நின்றுகொள்கிறோம். வாக்கியத்தின் எழுவாய் கோபமும் அழுகையும்தான். பசிகூட ‘எனக்குப் பசிக்கிறது’தான்.

ஆங்கிலத்தில் மனிதன்தான் எழுவாய். அவன் அந்த நிலையில் இருக்கிறான். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’, ‘ஷி வாஸ் ஆங்கிரி’, ‘ஹி இஸ் ஹங்கிரி’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நான் பயந்த நிலையில் இருக்கிறேன்’ என்று வரும். ஆகவே உணர்ச்சியைச் சொல்ல நினைத்ததும் ‘ஃபியர்’, ‘ஆங்கர்’ போன்ற பெயர்ச்சொற்களைத் தேடிப் போகாதீர்கள். ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ இவற்றில் ஒன்றைப் போட்டு, பக்கத்தில் பெயரடையை வையுங்கள். ‘ஆங்கர் கேம் டு மீ’ என்று தவிப்பவர்கள் ‘ஐ காட் ஆங்கிரி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘வந்தது’ என்று நாம் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் ‘காட்’ சரியாகப் பொருந்தும்: ‘ஐ காட் ஸ்கேர்ட்’, ‘ஷி காட் அப்செட்’.

ஆங்கிலத்தில் உணர்ச்சி எழுவாயாக வருவதே இல்லையா என்றால், வரும். ‘ஃபியர் கிரிப்ட் ஹிம்’, அதாவது பயம் அவனைக் கவ்வியது. கதையிலும் செய்தியிலும் இப்படி எழுதுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்படிப் பேசினால் மேடை நாடக வசனம்போல் இருக்கும். முதலில் எளிய வடிவம் நாக்கில் படியட்டும்.

இதை ஒட்டியே வருகிற இன்னொரு சிக்கல், ‘போர் அடிக்கிறது’. ஒரு பையன் நேர்முகத் தேர்வில், பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்விக்கு ‘ஐ வாஸ் வெரி போரிங், சார்’ என்று பதில் சொல்லிவிட்டு வந்தான். ‘நான் மற்றவர்களைச் சலிப்படைய வைக்கிற ஆள்’ என்று அதற்குப் பொருள். அவன் சொல்ல நினைத்தது ‘ஐ வாஸ் போர்ட்’. இப்படி நினைவில் வையுங்கள்: ‘இங்’ என்று முடிவது உணர்ச்சியைக் கொடுப்பது, ‘எட்’ என்று முடிவது உணர்ச்சியை வாங்கிக்கொள்வது. இருட்டுச் சந்து ‘ஃப்ரைட்டனிங்’, அதில் நடந்து வந்தவள் ‘ஃப்ரைட்டன்ட்’. தேர்வு முடிவு ‘டிஸப்பாயின்ட்டிங்’, அதைப் பார்த்தவன் ‘டிஸப்பாயின்ட்டட்’.

ஏமாற்றம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘நான் ஏமாந்து போயிட்டேன்’ என்று தமிழில் இரண்டு இடத்தில் சொல்கிறோம். எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் சொல்கிறோம், சீட்டுக்காரர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியபோதும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது ‘டிஸப்பாயின்ட்டட்’, இரண்டாவது ‘சீட்டட்’. பதவி உயர்வு கிடைக்கவில்லை என்பதற்கு மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் ‘ஐ வாஸ் சீட்டட்’ என்று எழுதினால் அது குற்றச்சாட்டு. அந்த ஒரு சொல் ஒருவரின் வேலைக்கே உலை வைக்கலாம்.

நம்மிடம் வந்து குடியேறிய சொற்கள்

டென்ஷன், ஃபீல், மூட் அவுட், போல்ட், கட்ஸ் எல்லாம் இப்போது தமிழ்ச் சொற்கள் மாதிரிதான். அவற்றைத் தமிழில் பேசும்போது விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் இங்கே வந்து குடியேறியதும் அவற்றின் பொருள் நகர்ந்துவிட்டது. அதே பொருளோடு ஆங்கிலத்துக்குத் திருப்பி அனுப்பினால் இடிக்கும்.

‘ஃபீல் பண்றான்’ என்றால் நமக்கு வருத்தப்படுகிறான் என்று பொருள். ஆங்கிலத்தில் ‘ஃபீல்’ தனியாக நிற்காது, பக்கத்தில் என்ன உணர்ச்சி என்று சொல்லியாக வேண்டும்: ‘ஃபீல் சேட்’, ‘ஃபீல் ஹேப்பி’, ‘ஃபீல் பேட்’. எனவே ‘டோன்ட் ஃபீல் பேட்’ சரி. ‘டென்ஷன் ஆகாதே’க்கு ‘டோன்ட் வொரி’ அல்லது ‘டிரை நாட் டு வொரி’. ‘டென்ஷன்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் இரண்டு நாடுகளுக்கிடையே உள்ள பதற்றம், கயிற்றின் இழுவிசை போன்றவற்றுக்கு அதிகம் பயன்படுத்துவார்கள். மனிதருக்கு ‘ஸ்ட்ரெஸ்ட்’ அல்லது ‘டென்ஸ்’. ‘மூட் அவுட்’ ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. ‘ஐ ஆம் இன் எ பேட் மூட்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

‘போல்டான பொண்ணு’ என்று நாம் பாராட்டுகிறோம். ஆங்கிலத்திலும் ‘போல்ட்’ பாராட்டுதான், ஆனால் ஆளைவிட முடிவுக்கும் செயலுக்கும் அதிகம் ஒட்டும்: ‘எ போல்ட் டிசிஷன்’. அயர்லாந்தில் ஒரு குழந்தையைப் ‘போல்ட்’ என்றால் சேட்டைக்காரக் குழந்தை என்று பொருள். டப்ளினில் செவிலியராக, ஆசிரியையாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தாயிடம் பாராட்டாகச் சொன்னால் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

பயத்தின் படிகள்

‘வொரீட்’ என்றால் மனசு ஒன்றைச் சுற்றிச் சுற்றி வருவது. மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, மணி எட்டாகிவிட்டது. ‘நெர்வஸ்’ என்பது நடக்கப்போகிற ஒன்றை நினைத்துக் கை சில்லிட்டுப் போவது: நேர்முகத் தேர்வு, மேடைப் பேச்சு, பெண் பார்க்கும் நாள். ‘ஆங்ஷியஸ்’ இரண்டுக்கும் பக்கத்து வீடு, கொஞ்சம் கனமானது, மருத்துவர்களும் பயன்படுத்துவார்கள். ‘ஸ்கேர்ட்’, ‘அஃப்ரெய்ட்’, ‘ஃப்ரைட்டன்ட்’ மூன்றும் பயம்தான். ‘ஸ்கேர்ட்’ வீட்டுப் பேச்சு. அதற்கு மேல் ‘டெரிஃபைட்’, குலை நடுங்கும் பயம்.

அதற்கும் மேலே ‘பெட்ரிஃபைட்’ நிற்கிறது. கிரேக்கத்தில் பெட்ரா என்றால் பாறை. பயத்தில் கல்லாகிப் போவது. ‘அப்படியே கல்லாய்ச் சமைந்துட்டா’ என்று நம் பாட்டிமார் சொல்வது எழுத்துக்கு எழுத்து இதுவேதான். இப்படி நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் தொடரோடு முடிச்சுப் போட்டு வைத்த ஆங்கிலச் சொல் மறக்காது.

‘அஃப்ரெய்ட்’ பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் உட்காராது. ‘அன் அஃப்ரெய்ட் சைல்ட்’ என்று சொல்லக் கூடாது. ‘எ ஃப்ரைட்டன்ட் சைல்ட்’. பின்னால் வரும்போது ‘ஆஃப்’ சேரும்: ‘அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்’. எதைக் கண்டு பயம் என்பதைக் காட்டுவது இந்த ‘ஆஃப்’. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கால் பிறக்கும் என்கிறது. அந்த நான்கையும் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ போட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: ‘ஆஃப் கோஸ்ட்ஸ், ஆஃப் ஆனிமல்ஸ், ஆஃப் தீவ்ஸ், ஆஃப் த கிங்’. அணங்குக்குப் ‘பேய்’ சரியான ஈடு இல்லைதான், பழகுவதற்குப் போதும்.

பயந்து ஒன்றைச் செய்யாமல் நின்றுவிட்டால் ‘டு’ வரும். ‘ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு ஜம்ப்’, குதிக்கப் பயந்தேன், அதனால் குதிக்கவில்லை. நம்மை மீறி நடந்துவிடுமோ என்ற பயத்துக்கு ‘ஆஃப்’ போட்டு ‘இங்’: ‘ஐ வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்’, விழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். விழுவது நாம் தேர்ந்தெடுத்துச் செய்கிற காரியம் அல்லவே, அதனால்தான்.

பயமே இல்லாத ‘அஃப்ரெய்ட்’ ஒன்றும் உண்டு. ‘ஐ ஆம் அஃப்ரெய்ட் த டாக்டர் இஸ் நாட் அவைலபிள் டுடே.’ இதில் யாரும் எதற்கும் பயப்படவில்லை. ‘மன்னிக்கணும், டாக்டர் இன்னைக்கு இல்லைங்க’ என்று பணிவாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் வந்தால் அடுத்த வரியில் நமக்குப் பிடிக்காத செய்தி இருக்கிறது என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம்.

‘ஃபியர்’ என்ற சொல்லையே வினைச்சொல்லாகவும் பயன்படுத்தலாம், ஆனால் அது எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. 1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பொருளாதார வீழ்ச்சியில் நொறுங்கிக் கிடந்த மக்களிடம் ‘த ஒன்லி திங் வி ஹேவ் டு ஃபியர் இஸ் ஃபியர் இட்செல்ஃப்’ என்றார். நாம் அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்குத்தான். முதல் ‘ஃபியர்’ வினை, இரண்டாவது பெயர். ஒரே வாக்கியத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இதை வகுப்பில் நான் எப்போதும் பலகையில் எழுதிப் போடுவேன்.

துணிவு உடம்பில் எங்கே இருக்கிறது

‘கரேஜ்’ என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் ‘கோர்’. நாம் நெஞ்சுரம், நெஞ்சழுத்தம் என்பதுபோல அவர்களும் துணிவை நெஞ்சில்தான் வைத்தார்கள். ‘என்கரேஜ்’ என்றால் நெஞ்சில் துணிவை ஊட்டுவது, ‘டிஸ்கரேஜ்’ என்றால் இருந்ததை எடுத்துவிடுவது. தளராதே என்பதற்கு ‘டேக் ஹார்ட்’, மனம் தளர்வதற்கு ‘லூஸ் ஹார்ட்’. மனப்பாடம் செய்வதைக்கூட ‘லேர்ன் பை ஹார்ட்’ என்கிறார்கள். அந்த மனமும் இந்த நெஞ்சும் ஒன்றே.

உச்சரிப்பில் ஒரு நுணுக்கம். பெயர்ச்சொல்லைச் சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில் விழும், கடைசி அசை சுருங்கி ஏறக்குறைய ‘கரிஜ்’ என்று ஒலிக்கும். பெயரடையான ‘கரேஜஸ்’ஸில் அழுத்தம் நடுவுக்கு நகர்ந்து ‘ரே’ நீண்டு ஒலிக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் நாக்குக்குப் பிடிபடும்.

இதயத்தோடு நிற்கவில்லை ஆங்கிலம். ‘கட்ஸ்’ என்றால் குடல். ‘ஸ்பைன்லெஸ்’ என்றால் முதுகெலும்பில்லாதவன். தமிழிலும் அதுவே வசவு. எனக்கு மிகவும் பிடித்தது ‘பிளக்’. இறைச்சிக் கடையில் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றும் சேர்ந்த கொத்துக்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லே பிறகு துணிச்சலுக்கும் பெயரானது. நம் கறிக்கடையில் அந்தக் கொத்தை ஈரக்குலை என்போம். ‘ஈரக்குலையே நடுங்கிப் போச்சு’ என்று பயத்தைச் சொல்ல நாம் எடுத்த அதே உறுப்புக் கொத்தை, துணிவைச் சொல்ல ஆங்கிலம் எடுத்திருக்கிறது. ‘பிளக் அப் த கரேஜ்’ என்றால் துணிவை வரவழைத்துக்கொள்வது. ‘ஷி பிளக்ட் அப் த கரேஜ் டு ஆஸ்க் ஃபார் லீவ்.’

தமிழில் துணிவுக்குக் கண்ணிலும் ஓரிடம் உண்டு. தறுகண், வன்கண் இரண்டும் பழந்தமிழில் அஞ்சாமையைக் குறிக்கும் சொற்கள். எதிரே வேல் வந்தாலும் இமைக்காத கண். ஆங்கிலத்தில் இதற்கு நெருக்கமாக வருவது ‘வித்தவுட் பேட்டிங் அன் ஐலிட்’, இமைகூட அசையாமல் ஒன்றைச் செய்வது. ஆனால் இதில் துணிவோடு கொஞ்சம் கல்நெஞ்சும் கலந்திருக்கிறது. பிறர் அதிர்ந்துபோகும் ஒன்றைக் கொஞ்சமும் அசையாமல் செய்தவரைப் பற்றித்தான் அப்படிச் சொல்வார்கள்.

‘நெர்வ்’ என்ற சொல் ஒன்றே மூன்று பக்கம் இழுக்கும். ‘ஹி லாஸ்ட் ஹிஸ் நெர்வ்’ என்றால் கடைசி நேரத்தில் துணிவை இழந்தான். ‘வாட் எ நெர்வ்!’ என்றால் என்ன திமிர்! ‘ஷி கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்’ என்றால் எரிச்சலூட்டுகிறாள். இது தமிழருக்கு வியப்பாக இருக்கக் கூடாது. ‘என்ன தைரியம் உனக்கு!’ என்று நாமும் கோபத்தில் கேட்கிறோமே, அந்தத் தைரியம் பாராட்டா என்ன?

‘பிரேவ்’ தினசரிச் சொல். ஊசி போட்டுக்கொண்ட குழந்தையிடம் ‘யூ வேர் வெரி பிரேவ்’ என்பார்கள். வினையாகவும் வரும், வெயிலைப் பொருட்படுத்தாமல் வரிசையில் நின்ற வாக்காளர்களைப் பற்றி நாளிதழ்கள் ‘வோட்டர்ஸ் பிரேவ் த ஹீட்’ என்று தலைப்பிடும். ‘வேலர்’ போர்க்களத்துச் சொல். பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் பதக்கம் 1856-இல் ஏற்படுத்தப்பட்டபோது ‘ஃபார் த பிரேவ்’ என்று பொறிக்க நினைத்தார்கள். பதக்கம் வாங்காதவர்கள் எல்லாம் வீரர்கள் இல்லை என்று ஆகிவிடுமே என்று விக்டோரியா அரசியே மறுத்து, ‘ஃபார் வேலர்’ என்று மாற்றச் சொன்னார். இன்றும் அந்தப் பதக்கத்தில் அதுவே இருக்கிறது. ‘பிரேவ்’ ஆளைக் குறிக்கும் சொல், ‘வேலர்’ குணத்தைக் குறிக்கும் சொல் என்ற இலக்கணம் ஒரு பதக்கத்தின் வாசகத்தையே மாற்றியிருக்கிறது.

நம் நாட்டின் பரம்வீர் சக்ராவும் அசோக் சக்ராவும் ‘கேலன்ட்ரி அவார்ட்’ வகை, அதாவது வீரதீர விருதுகள். இலங்கையில் 1987-இல் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பற்றியோ, 2014-இல் காஷ்மீரில் உயிரிழந்த மேஜர் முகுந்த் வரதராஜன் பற்றியோ ஆங்கிலத்தில் படித்தால் ‘கேலன்ட்ரி’, ‘வேலர்’, ‘கான்ஸ்பிக்யுவஸ் பிரேவரி’ எல்லாம் வரும். இவற்றைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். சொந்த வாழ்க்கையில் ‘ஐ ஷோட் வேலர் இன் த இன்டர்வியூ’ என்று சொல்லிவிடாதீர்கள்.

யோசிக்காமல் பாய்வது துணிவில் சேராது, அது ‘ரெக்லெஸ்’. நம் குருட்டுத் தைரியம். ஹெல்மெட் இல்லாமல் பைபாஸில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ‘பிரேவ்’ இல்லை.

ஒரு சொல்லை எடுத்தால் அதன் உறவுக்காரர்களையும் கூடவே தெரிந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானில் பெண் கல்விக்காகப் பேசியதால் 2012 அக்டோபரில் சுடப்பட்ட மலாலா, தன் 16-ஆவது பிறந்தநாளான 2013 ஜூலை 12 அன்று ஐ.நா.வில் பேசினார். துப்பாக்கிக் குண்டு தன்னிடம் என்ன மாற்றத்தை ஏற்படுத்தியது என்று சொல்லும் இடத்தில், ‘வீக்னஸ், ஃபியர், ஹோப்லெஸ்னஸ்’ மூன்றும் இறந்தன, ‘ஸ்ட்ரெங்த், பவர், கரேஜ்’ மூன்றும் பிறந்தன என்றார். ஆங்கிலம் அவருக்கும் தாய்மொழி இல்லை, பஷ்தோதான் தாய்மொழி. அந்த ஆறு சொற்களையும் பிரித்துப் பாருங்கள். ‘வீக்’குடன் ‘னஸ்’ சேர்ந்தால் ‘வீக்னஸ்’. ‘ஹோப்’புடன் ‘லெஸ்’ சேர்ந்தால் நம்பிக்கையற்ற, அதனுடன் ‘னஸ்’ சேர்ந்தால் நம்பிக்கையின்மை. ‘ஸ்ட்ராங்’ மட்டும் வழிக்கு வராமல் ‘ஸ்ட்ரெங்த்’ ஆகிறது, ‘ஸ்ட்ராங்னஸ்’ கிடையாது. ‘பிரேவ்’ ‘பிரேவரி’ ஆகும். ‘போல்ட்’ ‘போல்ட்னஸ்’ ஆகும். எல்லாம் அற்புதமான மேடைச் சொற்கள். ஆனால் வீட்டில் பேசும்போது பெயரடைக்கே திரும்புங்கள்.

சவாலும் வினைச்சொல்லும்

‘ஃபேஸ் பண்ணித்தான் ஆகணும்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்திலும் சரியே. ‘ஃபேஸ்’ஸுக்குப் பின்னால் எதுவும் ஒட்டாது: ‘ஷி ஃபேஸ்ட் மெனி பிராப்ளம்ஸ்’. ‘ஷி ஃபேஸ்ட் டு’, ‘ஷி ஃபேஸ்ட் வித்’ என்று இழுக்க வேண்டாம். ‘கோப்’புக்கு மட்டும் ‘வித்’ வேண்டும்: ‘கோப் வித் த பிரஷர்’. நம் ஊரில் பெரிய பெரிய அலுவலகங்களில்கூட ‘கோப் அப் வித்’ என்று எழுதுகிறார்கள். நடுவில் ‘அப்’ கிடையாது. ‘கேட்ச் அப் வித்’திலிருந்து அது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

‘கோப் வித்’ சமாளிப்பது. பிரச்சினை அங்கேயே இருக்கும், நாம் தாக்குப்பிடிக்கிறோம். ‘டீல் வித்’ கையாள்வது. ‘ஓவர்கம்’ வென்று கடந்துவிடுவது, இறந்தகாலம் ‘ஓவர்கேம்’. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் வலது காலில் பேருந்து ஏறிப் படுகாயம் பட்டவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அவரைப் பற்றி எழுதச் சொன்னால் என் மாணவர்கள் எல்லோரும் ‘ஹி இஸ் வெரி பிரேவ்’ என்று தொடங்குகிறார்கள். தவறில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகள் பலருக்கு இந்தப் ‘பிரேவ்’ கசக்கும். தங்கள் உழைப்பைப் பார்க்காமல் உடம்பைப் பார்த்துச் சொன்ன பாராட்டாக அது தெரியும். அவர் செய்ததைச் சொல்லும் வினைகளை எடுங்கள்: ‘ஹி டிட் நாட் கிவ் அப். ஹி டிரெய்ன்ட் ஹார்ட். ஹி ஓவர்கேம் ஒன் ஆப்ஸ்டகிள் ஆஃப்டர் அனதர்.’ பாராலிம்பிக் இயக்கம் தன் நான்கு விழுமியங்களாகச் சொல்பவை ‘கரேஜ், டிட்டர்மினேஷன், இன்ஸ்பிரேஷன், ஈக்வாலிட்டி’. இரண்டாவதாக நிற்கும் மன உறுதிதான் அவரைப் பற்றிய கட்டுரைக்கு நல்ல தொடக்கம்.

‘ஓவர்கம்’ சில இடங்களில் தலைகீழாகப் புரளும். ‘ஷி ஓவர்கேம் ஹெர் கிரீஃப்’ என்றால் துக்கத்திலிருந்து மீண்டாள். ‘ஷி வாஸ் ஓவர்கம் வித் கிரீஃப்’ என்றால் துக்கம் அவளை வென்றுவிட்டது, உடைந்து அழுதாள். ‘வாஸ்’ என்ற ஒரு சொல் உள்ளே நுழைந்ததும் வென்றவர் தோற்றவர் ஆகிவிடுகிறார். செய்தி படிக்கும்போது இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

‘கிவ் அப்’ கைவிடுவது. பின்னால் ‘இங்’ வரும்: ‘டோன்ட் கிவ் அப் டிரையிங்’. ‘கிவ் இன்’ பணிந்து போவது, அடம் பிடிக்கும் குழந்தைக்குக் கடைசியில் மிட்டாய் வாங்கிக்கொடுப்பது. ‘செட்பேக்’ நம் பின்னடைவேதான், சொல் கட்டப்பட்ட விதம்கூட ஒன்று. ‘ஹர்டில்’ தடை தாண்டும் ஓட்டத்தில் வைக்கும் தடை. ‘ரெசிலியன்ஸ்’ஸின் லத்தீன் வேருக்குத் திரும்பத் துள்ளுவது என்று பொருள். வெள்ளம் வடிந்த பிறகு கடையைக் கழுவி மறுநாளே திறந்தவர்களுக்கு இந்தச் சொல் பொருந்தும். ‘பெர்ஸிவியரன்ஸ்’ விடாமுயற்சி. 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய நாசா ஊர்திக்கு இதுவே பெயர். பள்ளி மாணவர்களிடையே போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். நீளமான சொல்லாக இருந்தாலும் பிள்ளைகள் அந்த ஊர்தியின் படத்தோடு படித்தால் பிடித்துக்கொள்கிறார்கள்.

பழகும் முறை பற்றி ஒன்று. அகராதியிலிருந்து தொடங்காதீர்கள், உங்கள் வாயிலிருந்து தொடங்குங்கள். இன்று யாரிடமோ உண்மையில் சொன்ன ஒரு வாக்கியத்தை நோட்டில் தமிழில் எழுதுங்கள். ‘மானேஜர்கிட்ட லீவு கேட்கப் பயமா இருந்துச்சு.’ அதற்கு நேராக ‘ஐ வாஸ் அஃப்ரெய்ட் டு ஆஸ்க் மை மேனேஜர் ஃபார் லீவ்’. ‘அஃப்ரெய்ட் டு’ என்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும். அந்த ஐசியூ செவிலியரின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். இரவுப் பணியில் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் சொன்னவை தமிழில், பக்கத்தில் ஆங்கிலம். ‘ஊசின்னா பயம்.’ ‘பணத்துக்கு என்ன பண்றதுன்னு கவலையா இருக்கு.’ ‘அவர் பிழைச்சுடுவாரா சிஸ்டர்?’ இதற்கு நேரே ஆங்கிலத்தை மூன்று முறை அடித்து அடித்து எழுதியிருந்தார்.

சில வாரம் கழித்து மறுபடியும் அதே ரோல் பிளே. நான் மறுபடியும் நோயாளி. அவர் உடனே பேசவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

‘யூ லுக் வொரீட். வாட் ஆர் யூ மோஸ்ட் அஃப்ரெய்ட் ஆஃப்?’

மயக்க மருந்து கொடுத்த பிறகு கண் விழிக்காமல் போய்விடுவேனோ என்று, நோயாளிக்கென்று தந்திருந்த என் அட்டையில் இருந்ததைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ‘தட் மஸ்ட் பி ஃப்ரைட்டனிங். ஐ வில் ஸ்டே வித் யூ ஃபார் எ வைல்.’

5 நிமிட மணி அடித்தது. அவர் என் கையை விடவில்லை.